பெண்களுக்கான கோடிங் முகாமின் முதல் வாரம்: புதன்கிழமை பாடத்தை நிறுத்தியது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வேலையை இடையில் விட்டவர்கள், வேறு துறையிலிருந்து மென்பொருளுக்கு வர நினைப்பவர்கள், படிப்பை முடித்து வேலை தேடுபவர்கள் என 22 பெண்கள் சேர்ந்த 12 வாரப் பயிற்சி முகாம் இது. கற்பிக்க இரண்டு பயிற்சியாளர்கள், வகுப்பைச் சுற்றிவர நான்கு உதவியாளர்கள். நிரல் எழுதக் கற்பித்த மொழி பைத்தான். ஒவ்வொருவரும் சொந்த லேப்டாப்பையோ இரவல் லேப்டாப்பையோ கொண்டுவந்தார்கள்.

"இதற்கு முன் கோடிங் செய்ததுண்டா?" என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. நான்கு பேர் ஆம் என்றும், மற்றவர்கள் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். அந்த "இல்லை"க்குள் எத்தனை வகை அடங்கியிருந்தது என்பது வகுப்பு தொடங்கிய பிறகே தெரிந்தது. கணக்கியல் வேலையில் பல ஆண்டு இருந்து, எக்செல் ஃபார்முலாக்களைச் சரளமாக எழுதுபவரும் "இல்லை". கைபேசியைத் தவிர வேறெதையும் அன்றாடம் தொடாதவரும் "இல்லை".

முதல் வாரத் திட்டம் வழக்கமானதுதான். திங்கள் இன்ஸ்டால் வேலையும் முதல் நிரலும், செவ்வாய் வேரியபிளும் (மதிப்புக்கு வைக்கும் பெயர்) இன்புட்டும் (பயன்படுத்துபவரிடம் மதிப்பை வாங்குவது), புதன் இஃப் (நிபந்தனை), வியாழன் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), வெள்ளி ஒரு சிறு நிரலைத் தாங்களே எழுதுவது. புதன்கிழமை காலை இந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது.

## திங்கள்: இன்ஸ்டால்

ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிய வேலை மதிய இடைவேளையைத் தாண்டியும் முடியவில்லை. தடைகள் ஒவ்வொன்றும் சிறியவை. ஆனால் ஒவ்வொரு லேப்டாப்பிலும் வேறு வேறு.

அதிகம் வந்தது பாத் சிக்கல். ஒரு கட்டளையை அடித்தால் அதற்கான நிரலை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்று கணினி வைத்திருக்கும் பட்டியல்தான் பாத். அன்று பயன்படுத்திய விண்டோஸ் இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், பைத்தானைப் பாத்தில் சேர்க்கலாமா என்று கேட்கும் சிறிய பெட்டி இருக்கும். அது தானாக டிக் ஆகியிருக்காது. அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டால் இன்ஸ்டால் வெற்றி என்றுதான் திரை சொல்லும். ஆனால் டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் திரையில், பைத்தான் என்று அடித்தால், அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும். சில லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். ஸ்டோர் திறந்ததும் அங்கிருந்து இன்னொரு முறை இன்ஸ்டால் செய்தவர்களிடம் இரண்டு பைத்தான்கள் சேர்ந்துவிட்டன. இதற்குக் கைகொடுத்தது, பி, ஒய் என்ற இரண்டெழுத்தை மட்டும் அடிப்பது. விண்டோஸ் இன்ஸ்டாலரோடு வரும், பைத்தானைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் அது. பாத்தில் பைத்தான் இல்லாவிட்டாலும் ஓடும். மேக் வைத்திருந்தவர்களுக்குப் பைத்தான்3 என்று எண்ணையும் சேர்த்து அடிக்க வேண்டியிருந்தது. திரையில் பயிற்சியாளர் அடித்தது ஒன்று, தாங்கள் அடிக்க வேண்டியது வேறொன்று என்ற குழப்பம் அங்கேயே தொடங்கியது.

அடுத்தது, ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி. விண்டோஸ் அதை இயல்பாகவே மறைத்துவைக்கிறது. நோட்பேடில் எழுதிச் சேமித்தவர்களின் ஃபைல், பெயரைப் பார்த்தால் பைத்தான் ஃபைல். உண்மையில் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்ட சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். டெர்மினல் அப்படிப்பட்ட ஃபைலே இல்லை என்று சொல்லும். கண்முன் டெஸ்க்டாப்பில் அது இருக்கும். டெஸ்க்டாப்பே மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் மாற்றப்பட்டிருந்த லேப்டாப்களில் முகவரியும் வேறாக இருந்தது.

ஒருவருடைய இரவல் லேப்டாப்பில் அட்மின் பாஸ்வேர்டு இல்லாததால் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியவில்லை. வியாழன் வரை அவருக்கு அது கிடைக்கவில்லை.

இன்னொன்று, எந்தக் கையேட்டிலும் இல்லாதது. மேற்கோள் குறி, அடிக்கோடு, முக்காற்புள்ளி, சதுர அடைப்பு இவையெல்லாம் கீபோர்டில் எங்கே இருக்கின்றன என்று தேடுவதிலேயே பலருக்கு நேரம் போனது. கைபேசியில் விரைவாகத் தட்டச்சு செய்பவர்கள்தான் அவர்கள். ஒரு வரியை அடித்து முடிப்பதற்குள் பயிற்சியாளர் மூன்றாம் வரியில் இருந்தார்.

மாலைக்குள் 15 பேருடைய முதல் நிரல் ஓடியது. காத்திருந்த நேரத்தில், முன்பே கோடிங் தெரிந்தவர்கள் கிளாஸ், ஃபங்ஷன் என்று பின்னால் வரும் பாடங்களைப் பற்றிக் கேள்விகளை எழுப்பத் தொடங்கினார்கள். பயிற்சியாளர்களும் ஆர்வத்தோடு பதில் சொன்னார்கள். இன்ஸ்டால் முடியாதவர்கள் அந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

## செவ்வாய்: அமைதியான வகுப்பு

வேரியபிள், பிரிண்ட் (விடையைத் திரையில் காட்டுவது), இன்புட் பாடம் நடந்தது. "புரிந்ததா?" என்று கேட்டபோதெல்லாம் தலைகள் ஆடின. கேள்வி கேட்டவர்கள் அந்த நான்கு பேர் மட்டுமே.

உதவியாளர்களின் குறிப்பேட்டில் அன்று பதிவானவை இவை. குறிப்புகளுக்கான பிடிஎஃப்பிலிருந்து வரியை நகலெடுத்தவர்களுக்கு, வளைந்த மேற்கோள் குறி கூடவே வந்துவிட்டது. நேர் மேற்கோளை மட்டுமே ஏற்கும் பைத்தான் அதைத் தவறான எழுத்து என்று நிராகரித்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்று கூர்க்குறிகள் தெரியும், வரிக்கு வரி விடை சொல்லும் பைத்தானின் ஊடாடு திரைக்குள் இருந்துகொண்டே, ஃபைலை ஓட்டும் டெர்மினல் கட்டளையை அடித்தவர்கள் சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய விதம் தவறு என்ற செய்தி, பெற்றார்கள். நிரலைத் திருத்திவிட்டுச் சேமிக்காமல் ஓட்டியவர்களுக்குப் பழைய விடையே திரும்பத் திரும்ப வந்தது. நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் சேமிக்காத ஃபைலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டப்புள்ளி தெரியும். அது எதற்கு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாடத்தோடு நேரடியாகத் தொடர்புடைய சிக்கல் ஒன்றுதான். இன்புட் எதை வாங்கினாலும் அதை எழுத்தாகத்தான் தரும். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் பயிற்சியில் 5, 3 கொடுத்தவர்களுக்கு 53 வந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. எட்டு வர வேண்டிய இடத்தில் 53 வந்ததைப் பார்த்துப் பலர் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார்கள்.

உதவிக்குப் போனவர்கள், நேரம் குறைவு என்பதால், கீபோர்டைத் தாங்களே வாங்கிச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார்கள். நிரல் ஓடியது. என்ன மாறியது என்று லேப்டாப்புக்கு உரியவருக்குத் தெரியவில்லை.

நாள் முடிவில் பெயர் எழுதாத துண்டுச்சீட்டு கேட்கப்பட்டது: இன்று தெளிவானது ஒன்று, தெளிவாகாதது ஒன்று. பல சீட்டுகளில் ஏறத்தாழ ஒரே வாசகம் இருந்தது. மற்றவர்களுக்குப் புரிகிறது, தனக்கு மட்டும் புரியவில்லை என்பது அது. ஒரே அறையில் இத்தனை பேர் தான் மட்டுமே என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு, கணக்கியல் வேலையிலிருந்து வந்தவர், தனக்கு இது வராது, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

## புதன் காலை: கண்டறிந்தது

பயிற்சியாளர்களின் முதல் யோசனை, வேரியபிள் பாடத்தை இன்னொரு முறை மெதுவாக நடத்துவது. அதற்கு முன், விலக நினைத்தவரை வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னதாக வரச் சொன்னார்கள். அவருக்கு எதுவும் விளக்கவில்லை. நேற்றைய நிரலைத் திறந்து, செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அவர் எழுதியிருந்த நிரல் முழுக்கச் சரி. எண்ணாக மாற்றும் இன்ட் கூடச் சரியான இடத்தில் இருந்தது. ஆனால் அவர் திருத்தியது டெஸ்க்டாப்பில் இருந்த பிரதியை; டெர்மினல் ஓட்டியது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்த பிரதியை. இரண்டுக்கும் ஒரே பெயர். எதைத் திருத்தினாலும் விடை மாறாததால், வேரியபிள் என்பதே தனக்குப் பிடிபடவில்லை என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார். சரியாகக் கற்றிருந்த ஒன்றை, கற்கவில்லை என்று நம்பியிருந்தார்.

இது ஒருவருடைய நிலை மட்டும்தானா என்று பார்க்க, வகுப்பு தொடங்கியதும் பத்து நிமிடத் தாள் ஒன்று கொடுக்கப்பட்டது. மதிப்பெண் கிடையாது, பெயர் கிடையாது. மூன்று கேள்விகள்: இந்த நான்கு வரி நிரல் எதை அச்சிடும்? நீங்கள் கடைசியாக ஓட்டிய ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது? இந்தப் பிழைச்செய்தியில் எந்த வரியைப் பார்க்கச் சொல்கிறது? முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் சரியாக விடை எழுதியிருந்தார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் பெரும்பாலோர் வெற்றிடமாக விட்டிருந்தார்கள்.

வேரியபிள் பாடத்தைத் திரும்ப நடத்தியிருந்தால், தெரிந்ததையே இரண்டாம் முறை கேட்டு, நிரல் இன்னமும் ஓடாமல், "வராது" என்ற எண்ணம் இன்னும் உறுதியாகியிருக்கும். இந்தத் தாள்தான் முடிவை மாற்றியது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

லூப் பாடம் முழுவதும் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளப்பட்டது. புதன் முற்பகல் ஃபைல், ஃபோல்டர், டெர்மினல் மூன்றுக்கும், பிற்பகல் பிழைச்செய்தி படிப்பதற்கும் ஒதுக்கப்பட்டது. இஃப் வியாழனுக்குப் போனது. பாடத்திட்டம் பின்தங்குமே என்ற தயக்கம் இருந்தது. ஓட்டத் தெரியாத நிரலைப் பற்றிப் பாடம் மட்டும் முன்னே போவதில் பயனில்லை என்பதால் அது ஏற்கப்பட்டது.

முன் அனுபவம் உள்ள நால்வரும் தனிக் குழுவானார்கள். இதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி தன் அறிமுகக் கணினி வகுப்பை முன் அனுபவம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் எனப் பிரித்தது. பாடமொழியையும் பைத்தானுக்கு மாற்றியது. இவற்றோடு வேறு சில மாற்றங்களும் சேர்ந்து, 2006-இல் ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த கணினித்துறைப் பெண்களின் பங்கு சில ஆண்டுகளில் 40 விழுக்காட்டை எட்டியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் 1990-களின் பின்பாதியில் மாணவ மாணவியரை நேர்கண்டு கண்டறிந்ததும் இதோடு பொருந்துகிறது: அனுபவத்தில் இருக்கும் இடைவெளியைத் திறமையில் இருக்கும் இடைவெளியாகப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் பெண்களாகவே இருக்கும் அறையிலும் அதே நடந்தது என்பது கவனிக்க வேண்டியது. பெண்கள் மட்டும் என்ற ஏற்பாடு சில தடைகளை நீக்கும். அனுபவ வேறுபாடு உண்டாக்கும் ஒப்பீட்டை அது நீக்காது.

அந்த நால்வரையும் உதவியாளர்களாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மறுக்கப்பட்டது. அவர்களும் கற்க வந்தவர்கள். கற்பிக்கப் பழகாதவர் உதவப் போனால் கீபோர்டைத்தான் முதலில் பிடுங்குவார் என்பதும் ஒரு காரணம்.

உதவியாளர்களுக்குப் புதிய விதிகள் வந்தன. மற்றவர் கீபோர்டைத் தொடக்கூடாது. திருத்தம் சொல்வதற்கு முன் "என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது?" என்று கேட்க வேண்டும். கை தூக்கத் தேவையில்லாதபடி, ஒவ்வொரு லேப்டாப்பின் மேலும் ஒட்ட இரண்டு வண்ணச் சீட்டுகள்: பச்சை என்றால் முடித்துவிட்டேன், சிவப்பு என்றால் உதவி வேண்டும். ஆய்வாளர்களுக்குக் கணினித் திறன் கற்பிக்கும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பயிலரங்குகளில் நெடுநாளாக உள்ள பழக்கம் இது. "புரிந்ததா?" என்ற கேள்வி கைவிடப்பட்டது. அதற்குத் தலையாட்டத்தான் முடியும். எத்தனை பச்சை என்று பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போனார்கள்.

## புதன்: பிழைச்செய்தியே பாடம்

முற்பகலில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஃபோல்டரை உருவாக்கினார்கள். பெயரில் இடைவெளி இல்லை, ஒன்டிரைவுக்கு வெளியே. பழைய பிரதிகள் அழிக்கப்பட்டன. ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டும் அமைப்பும், விஎஸ் கோடில் தானாகச் சேமிக்கும் அமைப்பும் இயக்கப்பட்டன. விஎஸ் கோடில் தனி ஃபைலைத் திறக்காமல் அந்த ஃபோல்டரையே திறக்கப் பழக்கினார்கள். அப்படித் திறந்தால் உள்ளே வரும் டெர்மினல் அதே ஃபோல்டரில் தொடங்கும். நிரலுக்கு ராண்டம், டர்ட்டில் போன்ற பெயர்களை வைக்கக்கூடாது என்பதும் அப்போதே சொல்லப்பட்டது. அந்தப் பெயரில் பைத்தானோடு வரும் மாட்யூல் (தயாராக உள்ள நிரல்) உண்டு; அதை இம்போர்ட் செய்யும் (நம் நிரலுக்குள் கொண்டுவரும்) நாளில் பைத்தான் நம் ஃபைலையே எடுத்துக்கொள்ளும்.

பிற்பகலில், சரியாக ஓடும் ஒரு எட்டு வரி நிரலைக் கொடுத்து, வேண்டுமென்றே உடைக்கச் சொன்னார்கள். இருவர் இருவராக. ஒவ்வொரு உடைப்புக்கும் என்ன செய்தி வந்தது என்று தாளில் எழுத வேண்டும். மூடும் மேற்கோளை எடுத்தால் சின்டாக்ஸ் எரர். வேரியபிள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் நேம் எரர்; பைத்தான் 3.10 முதலான பதிப்புகள், இந்தப் பெயரையா நினைத்தீர்கள் என்று சரியான பெயரைக் காட்டவும் செய்யும். இஃப் வரியின் முக்காற்புள்ளியை எடுத்தால், அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று அந்தப் பதிப்புகள் சொல்லும். அடுத்த வரியின் உள்தள்ளலை (தொடக்கத்தில் விடும் இடைவெளியை) எடுத்தால் இண்டென்டேஷன் எரர். எழுத்தோடு எண்ணைக் கூட்டினால் டைப் எரர்.

படிக்கும் முறை ஒன்றே: கீழிருந்து மேலே. கடைசி வரி, என்ன வகைப் பிழை என்று சொல்லும். அதற்கு மேலே வரி எண். அதே இடத்தில் ஃபைலின் பெயர். அது உங்கள் ஃபைல்தானா என்று பார்க்க வேண்டும். மூடாத அடைப்புக்குறிக்குப் பழைய பதிப்புகள் அடுத்த வரியைக் குறைசொல்லும். எனவே சுட்டிய வரி சரியாகத் தெரிந்தால் ஒரு வரி மேலே போய்ப் பாருங்கள் என்பதும் சேர்க்கப்பட்டது.

பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில் வருவதால் தயங்கியவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னொரு வகையில் உதவியது. திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மிகச் சில. உடைப்பும் செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்ததால், அகராதி இல்லாமலே பொருள் பிடிபட்டது.

கடைசியாக 5, 3, 53. இதற்குப் பிழைச்செய்தி வராது. வரும் என்று காத்திருக்கக்கூடாது. விடையை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துவிட்டு ஓட்டுவது மட்டுமே வழி. ஓட்டுமுன் ஊகி என்ற இந்தப் பழக்கம் அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் கட்டாயமானது.

## வியாழனும் வெள்ளியும்

இஃப் பாடத்தில், கணினிக் கல்வியாளர்கள் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் 2006-இல் அறிமுகப்படுத்திய முறை பயன்பட்டது. சரியான நிரலின் வரிகளைத் தாளில் அச்சிட்டு, வெட்டி, குலைத்துக் கொடுப்பது. உள்தள்ளலோடு சேர்த்து அடுக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டு கிடைக்காதவரும், கீபோர்டில் மெதுவாக இருந்தவர்களும் இங்கே மற்றவர்களுக்குச் சமமாக, சிலபோது முன்னதாகவே முடித்தார்கள். சிந்தனையின் வேகமும் விரலின் வேகமும் தனித்தனி என்பதை அவர்களே கண்ணால் பார்த்தது, எந்த ஊக்க உரையையும் விடப் பெரிது.

பிறகு இணை நிரலாக்கம். ஒருவர் அடிப்பார், மற்றவர் சொல்வார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடமாற்றம், மணி அடித்ததும் வரியின் நடுவில் இருந்தாலும் மாற வேண்டும். அனுபவத்தில் நெருங்கியவர்களே இணையாக்கப்பட்டார்கள்.

வெள்ளிக்கிழமைப் பணி, மொத்தத் தொகையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் வாங்கி, ஒருவருக்கான பங்கைச் சொல்லும் நிரல். சிறியதுதான், ஆனால் உள்ளே மூன்று குழிகள். 100.50 என்று கொடுத்தால் முழு எண்ணுக்கான இன்ட் ஏற்காது, வேல்யூ எரர் வரும், தசம எண்ணுக்கான ஃப்ளோட் வேண்டும். ஆட்கள் பூஜ்யம் என்றால் ஜீரோ டிவிஷன் எரர். அதைத் தடுக்க இஃப் வேண்டும். வகுத்த விடையில் நீண்ட தசம வால் முளைக்கலாம், அதைச் சுருக்க ரவுண்ட் வேண்டும். கணினி தசம எண்களை இரும முறையில் வைத்திருப்பதால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது என்பதைக் காட்டியபோது, அது தங்கள் தவறில்லை என்று அறிந்த நிம்மதி அறையில் தெரிந்தது. முடித்த நிரலை முழு வகுப்புக்கும் காட்டச் சொல்லவில்லை. மூன்று பேர் கொண்ட குழுவுக்குள் மட்டும் காட்டினார்கள்.

## பின்னர் நடந்தது

வார முடிவில் 21 பேர் இருந்தார்கள். விலகிய ஒருவருக்குக் காரணம் வேலை நேரம். கணக்கியல் துறையிலிருந்து வந்தவர் தொடர்ந்தார். இறுதித் திட்டப்பணியையும் முடித்தார்.

லூப் பாடம் இரண்டாம் வாரத்தில் நடந்தது. முடிவிலாமல் ஓடிய வைல் லூப்பைக் கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துவதிலும், எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சில் 1, 10 என்றால் 9-இலேயே நின்றுவிடுகிறதே என்பதிலும் எல்லோரும் இடறினார்கள். ஆனால் சிவப்புச் சீட்டு ஏறியபோது பெரும்பாலோரிடம் கேள்வி தயாராக இருந்தது: இதை எதிர்பார்த்தேன், இது வந்தது, இந்த வரியைச் சுட்டுகிறது. உதவியாளர் ஒருவரிடம் நிற்கும் நேரம் குறைந்தது.

இழப்பும் உண்டு. தள்ளிப்போட்ட நாட்களை முழுதாக மீட்க முடியவில்லை. கடைசி வாரங்களில் கிளாஸ் பாடம் சுருக்கப்பட்டது. தனிக் குழுவான நால்வரில் இருவர், மற்றவர்களிடமிருந்து ஒதுக்கப்பட்டதுபோல் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் வாரம் குழுக்கள் கலைக்கப்பட்டன. மற்றவர்கள் தொடர்ந்ததற்கு இந்த மாற்றங்கள்தான் காரணம் என்று ஒரே தொகுதியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

## அடுத்த தொகுதியில் மாற்றப்படுபவை

இன்ஸ்டால் வேலை முதல் வகுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. முதல் மூன்று நாள் பிரவுசரிலேயே எழுதி ஓட்டும் தளம். லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்வது நான்காம் நாள், மூன்று பேருக்கு ஓர் உதவியாளர் என்ற கணக்கில். முழு முகாமையும் பிரவுசரிலேயே நடத்தலாமே என்ற யோசனை ஏற்கப்படவில்லை. கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) உள்ளிட்ட பிற்பாடங்களுக்கு ஃபோல்டரும் டெர்மினலும் தேவை. அந்தத் தடுமாற்றத்தை ஐந்தாம் வாரத்துக்குத் தள்ளுவதால் அது சிறிதாகிவிடாது.

இரவல் அல்லது அலுவலக லேப்டாப் என்றால், அட்மின் அனுமதி உண்டா என்பது சேர்க்கையின்போதே சரிபார்க்கப்படும். குறிப்புகள் பிடிஎஃப்பாகத் தரப்படாது. நிரல்கள் அனைத்தும் பைத்தான் ஃபைல்களாகவே வரும்.

பத்து நிமிடத் தாள் இனி செவ்வாய் மதியமே வரும். விலகல் மின்னஞ்சல் வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி அதில் இருந்தது.

விண்ணப்பத்தின் ஆம், இல்லை கேள்வியும் நீக்கப்பட்டது. அதற்குப் பதில் நான்கு கேள்விகள்: ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியதுண்டா? எக்செலில் ஃபார்முலா எழுதியதுண்டா? லேப்டாப்பில் ஏதேனும் மென்பொருளை இன்ஸ்டால் செய்ததுண்டா? எந்த மொழியிலாவது பத்து வரி நிரல் எழுதியதுண்டா? குழுக்களும் உதவியாளர்களின் இடங்களும் இந்த விடைகளை வைத்து வகுப்பு தொடங்கும் முன்பே முடிவாகும்.